ஃபேன் இல்லாத லேப்டாப்

விண்டோஸ் லேப்டாப்பிலிருந்து மேக்புக் ஏருக்கு மாறியாயிற்று. "எப்படி இருக்கு?" என்று கேட்காத நண்பர்கள் இல்லை. ஒவ்வொருவருக்கும் போனில் துண்டு துண்டாகச் சொல்வதைவிட உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று தோன்றியது. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வீடியோ எடிட் செய்பவன் இல்லை, கேம் விளையாடுபவனும் இல்லை. மெய்ப்புப் பார்ப்பதும் புத்தகம் பதிப்பிப்பதும் என் தொழில். விடிந்தால் அடைந்தால் தமிழ் எழுத்தோடு கிடப்பவன். அப்படிப்பட்ட ஒருவனுக்கு இந்த லேப்டாப் எப்படி இருக்கிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் உணர்ந்தது சத்தத்தை. அதாவது, சத்தமில்லாததை. பழைய லேப்டாப்பில் பெரிய பிடிஎஃப் ஒன்றைத் திறந்து, பக்கத்தில் வேர்டையும் பிரவுசரில் நாலைந்து டேப்களையும் வைத்துக்கொண்டால் போதும், ஃபேன் சுற்ற ஆரம்பித்துவிடும். இடப்பக்கத் துவாரம் வழியாகச் சூடான காற்று வரும். மடியில் வைத்திருந்தால் தொடை சுடும். மேசையில் வைத்தால் அதன் கீழே இரண்டு புத்தகங்களை முட்டுக்கொடுத்துக் காற்றுப் போக வழிசெய்ய வேண்டும். இதெல்லாம் லேப்டாப் என்றால் இருப்பதுதானே என்று பல வருடம் பழகிப்போயிருந்தேன். ஃபேன் நின்ற பிறகுதான் தெரிகிறது, அந்த இரைச்சல் என்னை எவ்வளவு அவசரப்படுத்திக்கொண்டிருந்தது என்று. மெய்ப்புப் பார்க்கிறவனுக்கு ஒரு வாக்கியத்தை மனசுக்குள் வாசித்துப் பார்க்கும் பழக்கம் உண்டு. உள்காதில்தான் ஒற்றுப்பிழை தட்டுப்படும், எழுவாயும் பயனிலையும் ஒட்டாமல் நிற்பது கேட்கும். அந்த வேலையைச் செய்யும்போது மேசையில் ஒரு மோட்டார் இரைந்துகொண்டே இருந்தால், பத்தியை முடித்துவிட்டுப் போகலாம் என்றுதான் கை ஓடும். இப்போது அப்படி ஓடுவதில்லை. ஒரே வாக்கியத்தில் நின்று யோசிக்க முடிகிறது.

மேக்புக் ஏரில் ஃபேன் என்ற உறுப்பே கிடையாது. ஃபேனை மெதுவாகச் சுற்ற வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. உள்ளே சுற்றுவதற்கு எதுவுமே இல்லை. காற்றுத் துவாரமும் இல்லை. சூடாவதை அலுமினிய உடம்பே வாங்கி வெளியே விட்டுவிடும். அது எப்படி முடிகிறது என்று தேடிப் படித்ததில் கிடைத்த கதை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம்மில் பெரும்பாலோர் இத்தனை நாளாகப் பயன்படுத்தி வந்த லேப்டாப்புகளின் சிப்புகள், 1978-இல் வந்த இன்டெல் 8086 என்ற சிப்பின் வாரிசுகள். பழைய மென்பொருள் எல்லாம் புதிய சிப்பிலும் ஓட வேண்டும் என்ற கட்டாயத்தோடு தலைமுறை தலைமுறையாக வளர்ந்தவை. அவற்றின் கட்டளைகள் ஒரே நீளத்தில் இருக்காது. ஒரு பைட்டிலும் முடியும், பதினைந்து பைட் வரைக்கும் போகும். எது எங்கே முடிகிறது என்று கண்டுபிடிப்பதே சிப்புக்கு ஒரு வேலை. மேக்கில் இப்போது இருப்பது ஆர்ம் வழிவந்த சிப். இதில் கட்டளைகள் எல்லாம் நான்கு பைட், ஒரே அளவு.

ஆர்ம் பிறந்தது இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், ஏகார்ன் என்ற கம்பெனியில். பிபிசி மைக்ரோ என்ற பள்ளிக்கூடக் கம்ப்யூட்டரைச் செய்தவர்கள் அவர்கள். அடுத்த கம்ப்யூட்டருக்கு ஏற்ற சிப் சந்தையில் அமையாததால், தாங்களே ஒன்றைச் செய்யத் துணிந்தார்கள். சோஃபி வில்சன் கட்டளைத் தொகுதியை வகுத்தார், ஸ்டீவ் ஃபர்பர் சிப்பை வடிவமைத்தார். 1985 ஏப்ரல் 26 அன்று முதல் சிப் வந்து சேர்ந்தது. வந்த அன்றே ஓடியது. எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று பார்க்க மீட்டரை மாட்டினால், முள் பூஜ்யத்திலேயே நின்றது. சோதனைப் பலகையில் சிப்புக்கு மின்சாரம் வரும் இணைப்பே கொடுக்கப்படவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. அக்கம்பக்கத்துச் சுற்றுகளிலிருந்து சமிக்ஞைக் கால்கள் வழியாகக் கசிந்து வந்த மின்சாரத்திலேயே அது ஓடிக்கொண்டிருந்திருக்கிறது!

அவர்கள் பேட்டரிக்காகவோ செல்போனுக்காகவோ அதைச் செய்யவில்லை. சிப்பை விலை அதிகமான பீங்கான் உறையில் வைக்காமல் பிளாஸ்டிக் உறையில் அடைக்க வேண்டும், அதற்கு அது ஒரு வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது என்ற சிக்கனக் கணக்குத்தான். அந்தச் சிக்கனம்தான் பிற்பாடு உலகத்துச் செல்போன்களையெல்லாம் ஓட்டியது. 1990-இல் ஏகார்னும் ஆப்பிளும் விஎல்எஸ்ஐ என்ற கம்பெனியும் சேர்ந்து ஆர்மைத் தனிக் கம்பெனியாக்கின. அங்கிருந்து முப்பது வருடம் கழித்து, 2020 நவம்பரில், ஆப்பிள் தன் லேப்டாப்புகளில் இன்டெல்லை விட்டுவிட்டு எம்1 என்ற சொந்த ஆர்ம் சிப்பைக் கொண்டுவந்தது. முதல் ஆர்ம் சிப்பில் சுமார் 25,000 டிரான்சிஸ்டர்கள். என் லேப்டாப்பில் இருக்கும் எம்4 சிப்பில் 2,800 கோடி.

எம்4-இல் தனித்தனியாக வேலை செய்யக்கூடிய பத்து கோர்கள். நான்கு வேகத்துக்கானவை, ஆறு சிக்கனத்துக்கானவை. நான் செய்கிற வேலை என்ன? டைப் அடிப்பது, பிடிஎஃப் புரட்டுவது, அகராதியில் தேடுவது. இதெல்லாம் இந்தச் சிப்புக்கு லேசான வேலை. கோர்கள் பெரும்பாலும் சும்மாதான் இருக்கும். அதனால்தான் சூடு இல்லை, சூடு இல்லாததால்தான் ஃபேன் தேவையில்லை. பேட்டரியும் அதே கணக்குத்தான். வீடியோ பார்த்தால் 18 மணி நேரம் என்று ஆப்பிள் சொல்கிறது. நான் கடிகாரம் வைத்துப் பார்க்கவில்லை. காலையில் எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போனால் சாயங்காலம் வீடு திரும்பும் வரைக்கும் சார்ஜரைப் பையிலிருந்து எடுப்பதில்லை, அவ்வளவு போதும் எனக்கு. மதுரையில் மின்தடை வரும்போது பழைய லேப்டாப்பில் முதலில் கண் போவது பேட்டரி சதவீதத்துக்குத்தான். இப்போது கரண்ட் போனது எனக்குத் தெரிவதே தலைக்கு மேலே சுற்றும் ஃபேன் நிற்பதால்தான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இந்த லேப்டாப்பைப் பயன்படுத்த வேண்டிய வெப்பநிலை 10 முதல் 35 டிகிரி செல்சியஸ் என்று ஆப்பிளின் குறிப்பிலேயே இருக்கிறது. எங்கள் ஊரில் மே மாதத்து மத்தியானம் ஏசி இல்லாத மாடி அறை 35 டிகிரிக்குள் நிற்காது. ஃபேன் இல்லாத இயந்திரம் ரொம்பச் சூடானால் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்வதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. டைப் அடிப்பவனுக்கு அது தெரியாது. மணிக்கணக்கில் வீடியோ ஏற்றுமதி செய்கிறவருக்குத் தெரியும். அப்படிப்பட்டவர்கள் ஃபேன் உள்ள மேக்புக் புரோவைப் பார்ப்பதுதான் சரி.

ஆர்ம் என்பது ஆப்பிளுக்கு மட்டும் உரியதும் இல்லை. 2024 நடுவிலிருந்து ஸ்னாப்டிராகன் எக்ஸ் சிப்போடு விண்டோஸ் லேப்டாப்புகளும் வந்துகொண்டிருக்கின்றன. விண்டோஸை விட மனமில்லாதவர்கள் அதையும் பார்க்கலாம். எனக்கு மேக் பிடித்துப்போனதற்குக் காரணம் தமிழ். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். அதற்கு முன்னால் கைகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

மூளை மாறியதைவிடக் கை மாறியதுதான் கஷ்டம். விண்டோஸில் காப்பி, பேஸ்ட், சேவ் எல்லாவற்றுக்கும் இடது கைச் சுண்டுவிரல் மூலையில் இருக்கிற கன்ட்ரோலைத் தேடிப் போகும். மேக்கில் அதே வேலைக்கு ஸ்பேஸ் பாருக்குப் பக்கத்திலிருக்கும் கமாண்ட் விசை. அக்கா மகன் சென்னையில் மென்பொருள் வேலையில் இருக்கிறான், மேக்கிலேயே பழகியவன். நான் டைப் அடிப்பதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுச் சொன்னான்: "மாமா, சுண்டுவிரல மறந்துருங்க. பெருவிரல் சும்மாதான கெடக்கு, அதுக்கு வேல குடுங்க."

"அது ஸ்பேஸ் அடிக்கிற விரல்டா மாப்ள."

"அதான் மாமா, பக்கத்து வீடுதான? ஒரு எட்டு தள்ளி வைங்க."

அவன் சொன்னது சரி. சுண்டுவிரல் பலவீனமான விரல், அதை மூலைக்கு நீட்டி நீட்டித்தான் எனக்கு மணிக்கட்டில் வலி வந்திருந்தது. பெருவிரலுக்கு அது ஒரு வேலையே இல்லை. இப்போது கை தானாகவே கமாண்டுக்குப் போகிறது, வலியும் குறைந்திருக்கிறது. இந்தக் கட்-காப்பி-பேஸ்ட் முறையை 1970-களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியவர்களில் ஒருவர் லாரி டெஸ்லர். பிற்பாடு ஆப்பிளில் பல வருடம் வேலை பார்த்தார். பதிப்பாசிரியர்கள் கத்திரிக்கோலும் பசையும் வைத்துத் தாளில் செய்த வேலையைத் திரைக்குக் கொண்டுவந்தவர் என்பதால், எங்கள் தொழில்காரர்களுக்கு அவர்மேல் தனி மரியாதை உண்டு. 2020-இல் காலமானார்.

ஃபைலைத் தேர்ந்தெடுத்து என்டர் தட்டினால் விண்டோஸில் திறக்கும். இங்கே பெயர் மாற்றச் சொல்லும். திறக்க வேண்டுமென்றால் கமாண்டோடு கீழ் அம்புக்குறி. சிவப்புப் பொத்தானை அழுத்தினால் ஜன்னல் மட்டும்தான் மூடும், செயலி பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். முழுதாக மூட கமாண்டோடு க்யூ. மெனு எல்லாம் அந்தந்த ஜன்னலில் இல்லாமல் திரையின் உச்சியில், ஒரே இடத்தில் இருக்கும். 1984-இல் வந்த முதல் மேக்கிலிருந்தே அப்படித்தான். திரையின் விளிம்பைத் தாண்டி கர்சர் போகாது என்பதால், குறிபார்க்காமல் மேலே தள்ளினாலே மெனுவில் போய் நிற்கும். பழகிய பிறகு இது வசதி என்றுதான் சொல்வேன்.

ஆனால் ஸ்பேஸ் பார் விஷயத்துக்கு நான் அடிமையாகிவிட்டேன். எந்த ஃபைலையும் தேர்ந்தெடுத்து ஸ்பேஸ் பாரை ஒரு தட்டுத் தட்டினால், அது திறக்காமலேயே உள்ளே இருப்பது பெரிதாகத் தெரிகிறது. படமோ, பிடிஎஃப்போ, வேர்டோ எதுவானாலும் சரி. இன்னொரு தட்டு, மறைந்துவிடும். பதிப்பு வேலையில் ஒரே நாவலுக்கு 'திருத்தியது', 'இறுதி', 'இறுதி புதியது', 'ஆசிரியர் பார்த்தது' என்று ஏழெட்டு ஃபைல் இருக்கும். எதில் மூன்றாம் அத்தியாயத்தின் தலைப்பு மாற்றப்பட்டது என்று தெரிய முன்பெல்லாம் ஒவ்வொன்றாக வேர்டில் திறந்து மூட வேண்டும். இப்போது ஸ்பேஸைத் தட்டிவிட்டுக் கீழ் அம்புக்குறியால் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டே போனால் எல்லாம் வரிசையாகக் கண்ணில் பட்டுவிடுகிறது. எனக்கு இந்த ஒன்றே லேப்டாப் மாறியதற்குப் பாதிக் கூலி.

டச்பேடைப் பற்றி ஒரு வார்த்தை. அழுத்தும்போது 'டிக்' என்று கீழே இறங்குகிறதே, அது உண்மையில் இறங்குவதில்லை. அடியிலிருக்கும் ஒரு சிறு காந்தக் கருவி அதிர்ந்து, இறங்கியதுபோல் விரலை நம்பவைக்கிறது. 2015-இலிருந்து மேக்புக்குகளில் இந்த ஏற்பாடு உண்டு. நம்பிக்கை இல்லாவிட்டால் லேப்டாப்பை முழுதாக அணைத்துவிட்டு அழுத்திப் பாருங்கள். கண்ணாடிப் பலகையை அழுத்துகிற மாதிரி அசையாமல் கிடக்கும். மூலையில் அழுத்தினாலும் நடுவில் அழுத்தினாலும் ஒரே மாதிரி எடுக்கிறது. மௌஸை மேசை டிராயருக்குள் போட்டுவிட்டேன்.

இனி தமிழ்.

விண்டோஸில் நான் எழுதியது என்எச்எம் ரைட்டரில். தமிழ்99 விசைப்பலகையோடு பல வருடம் என்னைச் சுமந்த மென்பொருள் அது. அதைச் செய்து இலவசமாகக் கொடுத்தவர்களுக்குத் தமிழில் எழுதுகிற எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் அது விண்டோஸுக்கு மட்டும்தான். மேக்குக்கு மாறுவதில் இருந்த ஒரே பயமும் அதுதான். கணினியை ஆன் செய்து, செட்டிங்ஸில் கீபோர்டுக்குப் போய், தமிழைத் தேர்ந்தெடுத்தால், அஞ்சல், தமிழ்99 என்ற இரண்டு விசைப்பலகைகளும் அங்கேயே இருக்கின்றன. எதையும் தரவிறக்க வேண்டாம். கன்ட்ரோலோடு ஸ்பேஸ் தட்டினால் தமிழ், மறுபடி தட்டினால் ஆங்கிலம்.

தமிழ்99 தெரியாதவர்களுக்காக இதைச் சொல்கிறேன். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு தரப்படுத்திய விசைப்பலகை இது. உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. அம்மா என்று அடிக்க நான்கு தட்டு: அ, ம, ம, ஆ. முதல் மகரத்துக்கு நான் புள்ளி வைக்கவில்லை. ஒரே எழுத்து அடுத்தடுத்து வந்தால் முதலாவதுக்குப் புள்ளி தானாக வந்துவிடும். தந்தை என்றால் த, ந, த, ஐ. இங்கும் ந-வுக்குப் புள்ளி தானாக விழுகிறது, ஏனென்றால் மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தால் புள்ளி தேவைப்படும் என்பது தமிழ்ச் சொற்களின் இயல்பு. 'மமதை' போல் புள்ளி வேண்டாத இடத்தில் மட்டும் நடுவில் அ-வைத் தட்ட வேண்டும். நம் மொழியின் இலக்கணம் தெரிந்தவர்கள் உட்கார்ந்து யோசித்துச் செய்த பலகை இது. இந்தப் புள்ளி விதிகள் மேக்கிலும் அப்படியே வேலை செய்வதைப் பார்த்ததும் மனசு நிம்மதியாயிற்று.

அது வேலை செய்வதற்குக் காரணமானவர் மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன். 1980-களிலேயே முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கியவர். மேக்கில் எழுத்துருப் பட்டியலைத் திறந்து பாருங்கள். தமிழ்ச் சங்கம் எம்என், தமிழ் எம்என் என்று இருக்கும். அந்த 'எம்என்' அவருடைய பெயரின் முதலெழுத்துகள். தமிழோடு நிற்கவில்லை. மலையாளம், கன்னடம், சிங்களம், கெமர், லாவோ, மியன்மார் எழுத்துருக்களின் பெயர்களிலும் அதே எம்என்னைப் பார்க்கலாம். உலகம் முழுக்க மேக் வாங்குகிற ஒவ்வொருவரின் பெட்டிக்குள்ளும் ஒரு தமிழரின் பெயரெழுத்து இருக்கிறது. எத்தனை தமிழர்களுக்கு இது தெரியும்? பள்ளிப் பாடத்தில் வைக்க வேண்டிய செய்தி என்று உண்மையாகவே நினைக்கிறேன்.

திரையில் தமிழ் தெரிவதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பழைய லேப்டாப்பின் திரையில் ழகரத்தின் கீழ் வளைவும் ணகரத்தின் சுழிகளும் நெருங்கி மங்கிப்போய், பெரிதாக்கித்தான் பார்க்க வேண்டியிருந்தது. ன, ண குழப்பம் மெய்ப்பில் நழுவுவதற்குக் கண்தான் பாதிக் காரணம். இங்கே சின்ன அளவிலேயே சுழி எண்ண முடிகிறது. ர-வுக்கும் கால் குறிக்கும் உள்ள வித்தியாசம், ஒற்றின் புள்ளி இருக்கிறதா இல்லையா என்பது, எல்லாம் பெரிதாக்காமலேயே தெரிகிறது. அச்சில் வந்த பக்கத்தைக் கையில் வைத்துப் பார்ப்பதற்குக் கிட்டத்தட்ட நெருங்கிவிட்டது.

இன்னொன்று, கணினி தமிழை வாசித்துக் காட்டுகிறது. வாணி என்ற பெயரில் ஒரு தமிழ்க் குரல் இருக்கிறது, செட்டிங்ஸில் போய்த் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். பத்தியைத் தேர்ந்தெடுத்து ஆப்ஷனோடு எஸ்கேப் தட்டினால் வாசிக்கும். உணர்ச்சி இல்லாத குரல்தான், நாவலை ரசித்துக் கேட்க அது உதவாது. மெய்ப்புக்கு அதுவே நல்லது. மனிதர் வாசித்தால் விடுபட்ட சொல்லை மனசே இட்டு நிரப்பிவிடும். இது எழுதியிருப்பதை மட்டும்தான் வாசிக்கும். 'அவன் வீட்டுக்குப் வந்தான்' என்று ப் ஒன்று தப்பாக நின்றால் அது அப்படியே காதில் வந்து விழுகிறது. மூன்றாம் மெய்ப்புக்குக் கண்ணுக்குப் பதிலாகக் காதை அனுப்புவது என்று வழக்கமாக்கிக்கொண்டேன்.

எல்லாமே சுமுகம் என்று சொல்லமாட்டேன். எழுத்தாளர்கள் அனுப்பும் வேர்டு ஃபைல்களில் லதாவும் நிர்மலாவும்தான் அதிகம், இரண்டும் விண்டோஸின் எழுத்துருக்கள். ஒரு ஃபைலில் சொல்லப்பட்டிருக்கும் எழுத்துரு கணினியில் இல்லையென்றால் வேறொன்றைப் போட்டுத்தான் காட்டும். எழுத்தின் அகலம் மாறினால் வரி உடையும் இடம் மாறும், பக்கம் கூடும் குறையும். "நூத்தி அறுபதாம் பக்கம் கடைசி வரியில" என்று ஆசிரியர் போனில் சொல்வது எனக்கு நூற்று அறுபத்து மூன்றாம் பக்கத்தில் இருக்கும். இதற்கு ஒரே மருந்து, இருவரும் நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது நோட்டோ செரிஃப் தமிழ் போட்டுக்கொள்வது. இலவசம், எல்லாக் கணினியிலும் ஓடும். இப்போது வேலை ஆரம்பிக்கும் முன்பே எழுத்தாளர்களிடம் சொல்லிவிடுகிறேன்.

பழைய ஹார்டு டிஸ்க்கில் ஒரு வேடிக்கையான விஷயம் கண்ணில் பட்டது. 'கொற்கை' என்ற பெயரில் ஒரே ஃபோல்டருக்குள் இரண்டு ஃபைல்கள். பார்க்க அச்சு அசல் ஒன்றுதான். இதெப்படி விண்டோஸ் அனுமதித்தது? யூனிகோடில் 'கொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். இரண்டும் ஒன்றே என்று யூனிகோட் விதி சொல்கிறது. ஆனால் விண்டோஸின் கோப்பு முறை அந்த விதியைப் பார்ப்பதில்லை, குறியீடு வேறு என்றால் பெயரும் வேறு. மேக்கின் கோப்பு முறை இரண்டையும் ஒரே பெயராகத்தான் எடுத்துக்கொள்ளும். அதனால் காப்பி செய்யும்போது, 'இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, மாற்றவா?' என்று கேட்டு நின்றது. ஒன்றுக்கு வேறு பெயர் கொடுத்துவிட்டு மேலே போனேன். தமிழில் ஃபைல் பெயர் வைக்கிற எல்லோரும் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. கேட்கும்போது கவனிக்காமல் 'ஆம்' என்று தட்டிவிட்டால் ஒன்று போயே போய்விடும்.

அந்த ஹார்டு டிஸ்க் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் வடிவமைக்கப்பட்டது. மேக் அதைப் படிக்கும், அதில் எழுதாது. இரண்டு பக்கமும் போய்வர வேண்டிய டிஸ்க் என்றால் எக்ஸ்ஃபேட் முறையில் வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வாங்கும் டிஸ்க்கில் எதையும் போடுவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும், ஏனென்றால் முறையை மாற்றினால் உள்ளிருப்பது அழிந்துவிடும்.

பெரிய வேலை இனிமேல்தான். யூனிகோட் பரவுவதற்கு முன்னால் நாங்கள் தயாரித்த புத்தகங்கள் எல்லாம் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் கிடக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பாமினி ஃபைலைத் திறந்தால் அம்மா என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்துகளாக நிற்கும். கணினியைப் பொறுத்தவரை அது தமிழே இல்லை, ஆங்கிலத்துக்குத் தமிழ் முகமூடி. அதிலும் ஐகாரக் கொம்பு கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி மெய்யெழுத்துக்கு முன்னாலேயே பதிவாகியிருக்கும். அகரவரிசைப்படுத்த முடியாது, சொல் தேட முடியாது. மேக்கிலும் அந்த எழுத்துருவைப் போட்டால் திரையில் தெரியத்தான் செய்கிறது. ஆனால் கமாண்டோடு ஸ்பேஸ் தட்டித் தமிழில் ஒரு சொல்லைத் தேடினால், யூனிகோடில் இருக்கும் ஃபைல்கள் எல்லாம் உள்ளடக்கத்தோடு வந்து நிற்க, பாமினிக் காலத்துப் புத்தகங்கள் மட்டும் எதற்கும் பதில் சொல்வதில்லை. உள்ளே இருக்கின்றன, கூப்பிட்டால் வரமாட்டேன் என்கின்றன. அவற்றை யூனிகோடுக்கு மாற்ற நான் பயன்படுத்தும் மென்பொருள் விண்டோஸில்தான் இருப்பதால் பழைய லேப்டாப்பை விற்கவில்லை. புத்தகம் புத்தகமாக மாற்றி, மாற்றியதை ஒரு முறை மெய்ப்பும் பார்த்து, இந்தப் பக்கம் கொண்டுவந்துகொண்டிருக்கிறேன். மாற்றியில் போட்டதும் வேலை முடிந்துவிடாது. ஸ்ரீ, க்ஷ, ஔ போன்ற இடங்களிலும் எண்களிலும் ஆங்கிலச் சொல் கலந்த வரிகளிலும் கண் வைத்தாக வேண்டும்.

விலை. என் மாடல் 2025 மார்ச்சில் வந்தபோது ஆரம்ப விலை 99,900 ரூபாய். 16 ஜிபி நினைவகம், 256 ஜிபி சேமிப்பு. மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் குறைத்துத் தருகிறார்கள். ஒரு பதிப்பகத்துக்கு அது சின்னத் தொகை இல்லை. வாங்குவதற்கு முன் ஒன்றை யோசித்துக்கொள்ள வேண்டும். நினைவகத்தைப் பிற்பாடு கூட்ட வழியே கிடையாது, எல்லாம் சிப்போடு சேர்த்து வைத்திருக்கிறார்கள். வாங்கும் அன்று எடுத்ததுதான் கடைசி வரைக்கும். எழுத்து வேலைக்கு 16 ஜிபி தாராளம். பென்டிரைவ் சொருக இடம் இல்லை, இரண்டு யுஎஸ்பி-சி வாய்கள்தான். அச்சகங்களில் இன்னும் பென்டிரைவில்தான் ஃபைல் கேட்கிறார்கள் என்பதால் ஒரு இணைப்பானைப் பையிலேயே போட்டு வைத்திருக்கிறேன்.

சார்ஜர் வயர் காந்தத்தில் ஒட்டிக்கொள்வது குழந்தைகள் ஓடுகிற வீட்டுக்குப் பெரிய உதவி. கால் தட்டினால் வயர்தான் கழன்று விழுகிறது, லேப்டாப் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

எங்களுக்குப் பக்க வடிவமைப்பு செய்து தரும் நண்பர் நேற்று வந்திருந்தார். என்னைவிட இளையவர். கொஞ்ச நேரம் டைப் அடித்துப் பார்த்தார், நாவல் பக்கம் ஒன்றைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பார்த்தார். "அண்ணே, நானும் இதுக்கே மாறிரட்டுமா?" என்று கேட்டார். அவரிடம் இருபது வருடத்து பேஜ்மேக்கர் ஃபைல்கள் இருக்கின்றன. மறுபதிப்புக்கு அடிக்கடி அதைத்தான் திறக்க வேண்டியிருக்கிறது. பேஜ்மேக்கரை மேம்படுத்துவதை 2004-இலேயே நிறுத்திவிட்டார்கள், இந்த மேக்கில் அது ஓடாது.

"இப்ப வேண்டாம் தம்பி. மொதல்ல பழைய புத்தகத்த எல்லாம் யூனிகோடுக்குக் கொண்டு வாங்க. லேப்டாப் அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன்.

"அதுக்கே ரெண்டு வருசம் ஆகுமேண்ணே."

ஆகும். எந்த லேப்டாப் வாங்கினாலும் அந்த வேலையைச் செய்துதான் ஆக வேண்டும். என் பழைய லேப்டாப்பில் மாற்றியும் எழுத்துருக்களும் தயாராக இருக்கின்றன, ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தால் சேர்ந்து செய்யலாம் என்று சொல்லியிருக்கிறேன். முதலில் அவருடைய டிஸ்க்கில் இருக்கும் சிறுவர் நூல்கள், அவைதான் ஆண்டுதோறும் மறுபதிப்பு போகின்றன.